தாழ்மைப் பள்ளத்தாக்கு: பன்யன் நூலில் செருக்கும் பணிவும்

பெருமை என்னும் சொல் திருக்குறளில் 98ஆம் அதிகாரத்தின் பெயராய் நிற்கின்றது. ஆண்டு அது சான்றோர்க்குரிய நற்பண்பு. அதே சொல் 1871ஆம் ஆண்டின் தமிழ் விவிலியத் திருப்புதலில், கடவுள் எதிர்த்து நிற்கும் தீக்குணத்தின் பெயராய் வழங்குகின்றது. தாழ்மை என்னும் சொல்லோ இதற்கு மாறான வழியிற் சென்றது. இழிவையும் குறைவையும் சுட்டுவதற்குரிய அச்சொல், கிறித்தவத் தமிழில் ‘மனத்தாழ்மை’ என உயர்ந்து ஓர் அறத்தின் பெயராயிற்று. மொழிபெயர்த்தோர் சொல்லறியாது மயங்கினர் என்று இதனைக் கொள்ளுதல் பொருந்தாது. செருக்கு, இறுமாப்பு, அகந்தை என்பனவும் அவர்கள் கையில் இருந்தன. ‘பெருமை பேசுதல்’ என்னும் மக்கள் வழக்கையே அவர்கள் பின்பற்றினர் எனலாம். மேலும், வள்ளுவர் கூறும் பெருமை எஞ்ஞான்றும் பணிவது. தன்னை வியந்து புனைந்துகொள்வது அவர்க்குச் சிறுமையே. எனவே சொல்லளவில் தோன்றும் இம்முரண், பொருளை நோக்குமிடத்துப் பெரிதும் நீங்கிவிடுகின்றது.

நீங்காத முரண் ஒன்று உண்டு. அது மானம் என்னும் 97ஆம் அதிகாரத்தில் உள்ளது. செல்வம் பெருகிய காலத்துப் பணிவு வேண்டும். அது சுருங்கிய காலத்து உயர்வு வேண்டும் என்பது ஆண்டுக் கூறப்படும் அறம். தாழ்ந்து கிடப்பவனை மேலும் தாழுமாறு வள்ளுவர் பணிக்கவில்லை. தலை நிமிருமாறே பணிக்கின்றார். கிறித்தவப் பணிவோ செல்வனுக்கும் வறியவனுக்கும் ஒருங்கே விதிக்கப்பட்டது. அங்ஙனமாயின், உலகம் முன்னரே தாழ்த்தி வைத்துள்ள ஒருவனிடத்துத் தாழ்மையை வேண்டுவது எவ்வாறு அறமாகும்? இவ்வினாவை எழுப்புவதற்கும் விடை தேடுவதற்கும் ஜான் பன்யனின் நூலினும் தக்க இடம் நாம் அறிந்தவரை வேறில்லை. ‘மோட்சப் பிரயாணம்’ என்னும் பெயரால் தமிழ் உரைநடையிலும், எச். ஏ. கிருட்டிண பிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காப்பியத்தின் வழியாகவும் நம்மவர் நன்கறிந்த நூல் அது.

பன்யன் (1628–1688) ஓட்டைப் பாத்திரங்களை அடைக்கும் தொழிலர். இங்கிலாந்து நாட்டு அரசத் திருச்சபையின் இசைவின்றி மக்கட்கு அருளுரை கூறினார் என்பது பற்றி 1660இல் சிறைப்பட்டு 1672 வரை பெட்பர்டு நகரச் சிறையில் இருந்தார். இனி உரை கூறேன் என்று ஒரு வாக்குக் கொடுத்திருப்பின் விடுதலை பெற்றிருக்கலாம், அவர் கொடுத்திலர். 1661இல் அவர் மனைவி எலிசபெத்து நீதிபதிகளின் முன் சென்று வழக்காடியபோது, தம் கணவர் ஏழையாகவும் பாத்திரம் அடைப்பவராகவும் இருத்தலின் இகழப்படுகின்றார், முறை பெறாது நிற்கின்றார் என்று முகத்திற்கு நேரே கூறினார். தாழ்மையைப் பற்றிக் கதை புனைந்தவர் இத்தகைய வாழ்வினர் என்பதை மறந்து அக்கதையைப் படித்தல் கூடாது. நூலின் முதற்பாகம் 1678இலும் இரண்டாம் பாகம் 1684இலும் வெளிவந்தன.

நூலில் தாழ்மைப் பள்ளத்தாக்கு என்றோர் இடம் வருகின்றது. முதற்பாகத் தலைவனாகிய கிறிஸ்தியான் அழகிய மாளிகை ஒன்றில் தங்கி, வாளும் கவசமும் பெற்று, மலையினின்று அப்பள்ளத்தில் இறங்குகின்றான். பள்ளத்தாக்கின் ஆங்கிலப் பெயர் ‘ஹியூமிலியேஷன்’ என்பது. மண் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லை அடியாகக் கொண்டது அது. நம் இலக்கணத்தாற் கூறின், அப்பெயரில் தன்வினையும் பிறவினையும் ஒருங்கே அடங்கியுள்ளன. தாழ்தல் வேறு, தாழ்த்தல் வேறு. ‘தாழ்த்தப்பட்டோர்’ என்னும் சொல் நம் நாட்டுப் பொதுவாழ்வில் எழுந்தபோது, அத்தாழ்வு பிறர் செய்தது என்னும் குற்றச்சாட்டைத் தன் விகுதியிலேயே தாங்கி எழுந்தது. பள்ளத்தாக்கின் பெயரில் உள்ள இவ்விருமையைப் பன்யன் இலக்கணமாக ஆராய்ந்தவர் அல்லர். ஆயினும் கதைப்போக்கில் அவ்விரண்டையும் அவர் பிரித்துக் காட்டும் திறம் வியக்கத்தக்கது.

இறங்கும்போதே கிறிஸ்தியானுக்கு ஓரிரு முறை கால் வழுக்குகின்றது. ஒரு சொல்லிற் கூறிவிட்டு ஆசிரியர் அப்பாற் சென்றுவிடுகின்றார். படிப்போரும் அதனைக் கவனியாது செல்கின்றனர். ஏனெனில் அடுத்த நொடியில் அப்பொல்லியோன் என்னும் கொடிய பகைவன் எதிர்ப்படுகின்றான். அவனைக் கண்டதும் கிறிஸ்தியானுக்கு அச்சம் பிறக்கின்றது. திரும்பி ஓடலாமா என்று எண்ணுகின்றான். முதுகிற்குக் கவசம் இல்லை என்பது நினைவுக்கு வரவே நின்றுவிடுகின்றான். புறப்புண் நாணி வடக்கிருந்த சேரமான் பெருஞ்சேரலாதனைப் புறநானூற்றிற் கண்ட நமக்கு இவ்விடம் சற்றே நகைப்பூட்டும். சேரமானை வடக்கிருக்கச் செய்தது மானம்; இவனை நிற்கச் செய்தது கவசத்தின் குறைபாடு! தன் தலைவனை வீரனாக்க விரும்பாத ஆசிரியரின் குறும்பு இது என்று நாம் கருதுகின்றோம்.

போருக்கு முன் நிகழும் சொற்போரே பகுதியின் உயிர். அப்பொல்லியோன் முதலில் தன் குடிமகன் என்று உரிமை பேசுகின்றான். பின்னர் ஆசை காட்டுகின்றான். இரண்டும் பயன்படாமையின் கிறிஸ்தியானின் பிழைகளை அடுக்குகின்றான். சேற்றில் விழுந்து திணறியது, சுமையை இறக்கத் தவறான வழியை நாடியது, உறங்கிச் சீட்டை இழந்தது, சிங்கங்களைக் கண்டு திரும்ப எண்ணியது எனப் பட்டியல் நீள்கின்றது. இறுதியாக அவன் கூறுவது கூர்மையானது: தன் பயணத்தையும் தான் கண்டன கேட்டனவற்றையும் பேசுந்தோறும் கிறிஸ்தியான் உள்ளத்துள் வீண்புகழை விரும்புகின்றான் என்பது. குற்றச்சாட்டுகள் யாவும் உண்மை. பகைவன் பொய் சொல்லவில்லை. இவ்விடத்துக் கிறிஸ்தியான் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு சொல்லும் கூறவில்லை என்பதே நாம் நின்று நோக்க வேண்டுவது. அவை யாவும் மெய், நீ கூறாது விட்டனவும் பல உள என்று ஒப்புக்கொண்டு, தன் அரசன் மன்னிப்பவன் என்று மட்டும் சொல்கின்றான். நூல் முழுவதிலும் அவன் மெய்யாகவே தாழ்ந்து நிற்கும் நொடி இதுவே. வாளை உருவாத நொடியும் இதுவே.

அதன்பின் அரைநாளுக்கு மேல் நடக்கும் போர் புகழ் பெற்றது. தலையிலும் கையிலும் காலிலும் புண்பட்டு, வாள் நழுவி வீழ்ந்து, அதனை மீண்டும் பற்றிக் குத்தி அவன் வெல்கின்றான். இப்போர் செருக்கை வென்ற போர் என்று உரைப்பார் உளர். அஃது ஒவ்வாது. நூலே அதனை மறுக்கின்றது. இப்பள்ளத்தையும் அடுத்துள்ள மரண நிழற் பள்ளத்தாக்கையும் கடந்த பின்னர், மெய்யன் என்னும் தோழன் தனக்கு முன்னே செல்வதைக் கிறிஸ்தியான் காண்கின்றான். விரைந்தோடி அவனை முந்துகின்றான். முந்தியதும் வீண்பெருமையோடு புன்முறுவல் பூக்கின்றான். காலடியைக் கவனியாமையால் உடனே இடறி வீழ்கின்றான். எழ முடியவில்லை. பின்தங்கிய மெய்யன் வந்து கைகொடுத்த பின்னரே எழுகின்றான். அப்பொல்லியோனை வென்ற கை இது! அரக்கனை வென்றவனுக்குத் தன் இதழோரத்துச் சிறு நகையை வெல்ல முடியவில்லை. அரக்கனோடு பொருது செருக்கை ஒழிக்கலாம் என்னும் எண்ணமே ஆண்மகனின் செருக்கு என்பதைப் பன்யன் இவ்வொரு சிறு நிகழ்ச்சியால் உணர்த்திவிடுகின்றார். இத்தனைச் சுருக்கமாக இதனைக் கூறிய பிறிதொரு நூலாசிரியரை நாம் கண்டிலம்.

மெய்யனும் அதே பள்ளத்தாக்கின் வழியே வந்தவன். ஆனால் அவன் அப்பொல்லியோனைக் கண்டதில்லை. அவனை எதிர்ப்பட்டோர் இருவர். மனக்குறை என்பவன், இப்பள்ளத்தில் நடந்தால் செருக்கு, இறுமாப்பு, தற்பெருமை, உலகப்புகழ் ஆகிய நண்பர்கள் வருந்துவர் என்று தடுக்கின்றான். அவர்கள் ஊன்வழிச் சுற்றத்தார்தாம், ஆயினும் நாங்கள் ஒருவரை ஒருவர் கைவிட்டோம் என்பது மெய்யனின் விடை. செருக்கைப் பகைவனாக அன்றிச் சுற்றமாக வைத்தது நுட்பமான செயல். வெட்கம் என்னும் மற்றொருவன் எளிதில் விடுவதாயில்லை. இறைநெறி இழிந்தது, நொந்துகொள்ளும் மனச்சான்று ஆண்மைக்கு அடாதது, வலியோரும் செல்வரும் அறிஞரும் இந்நெறியில் மிகச் சிலர், சிறு குற்றத்திற்காக அயலானிடம் மன்னிப்புக் கேட்பதும் எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுப்பதும் நாணத்தக்கன என்று அவன் பேசிக்கொண்டே வருகின்றான். மெய்யனின் முகம் குருதியேறிச் சிவக்கின்றது; முதலில் விடை எழவில்லை. திருக்குறளில் நாணுடைமை 102ஆம் அதிகாரம். அது பழிக்கு அஞ்சும் அறம். பன்யன் காட்டும் வெட்கமோ பழிக்கு அஞ்சாது, பழியினின்று மீளுவதற்கு அஞ்சுகின்றது. அவனுக்கு அப்பெயர் சற்றும் பொருந்தாது என்று மெய்யனே கூறுகின்றான். விரட்ட விரட்டக் காதருகே வந்து பேசுபவனுக்கு நாணம் ஏது? ஒரு கிறித்தவ ஆண்மகனின் செருக்கு எவ்வடிவில் வரும் என்று எம்மைக் கேட்பின், சிறகும் செதிலும் உடைய அப்பொல்லியோனை விடுத்து, தோளோடு தோள் உரசி நடக்கும் இவ்வெட்கனையே சுட்டுவோம். அயலானிடம் மன்னிப்புக் கேட்பதற்கு வாள் பயன்படுவதில்லை.

இரண்டாம் பாகம் முதற்பாகத்தினும் தாழ்ந்தது என்பது திறனாய்வாளர் பலரின் முடிபு. கதையின் விறுவிறுப்பை நோக்கின் அஃது உண்மையே. ஆனால் தாழ்மைப் பள்ளத்தாக்கை அறிய விரும்புவோர் இரண்டாம் பாகத்தையே நாட வேண்டும். கிறிஸ்தியானின் மனைவி கிறிஸ்தீனாள், அவள் மக்கள் நால்வர், இரக்கம் என்னும் கன்னி ஆகியோர் பெருநெஞ்சன் என்னும் துணைவனோடு அவ்விடம் வருகின்றனர். முன்னர்ப் போர்க்களமாய் நின்ற பள்ளம் இப்போது பசும்புல்லும் அல்லிமலரும் செறிந்த வளநிலமாய் விரிகின்றது. உழைப்போர் பலர் இங்கு நல்ல நிலம் பெற்றனர் என்றும், ஆண்டவர் முன்பு இங்கு ஓர் ஊர்ப்புற வீடு வைத்திருந்தார் என்றும் பெருநெஞ்சன் கூறுகின்றான். நிலம் மாறவில்லை, இறங்கியோரே மாறினர். கிறிஸ்தியான் பட்ட துன்பமெல்லாம் இறங்குகையில் அவனுக்கு நேர்ந்த வழுக்கல்களின் விளைவே என்று பெருநெஞ்சன் விளக்குகின்றான். அதனைத் தெரிவிக்கும் கல்வெட்டுத் தூணும் அங்கு நிற்கின்றது. முதற்பாகத்தில் நாம் கவனியாது விட்ட சொல், ஆறாண்டுகள் கழித்து வந்த பாகத்தில் கல்லில் எழுந்து நிற்கின்றது. போர் நடந்த இடம் மறதிப் புல்வெளிக்கு அப்பாலுள்ள இடுக்கு வழி என்று பெயர் கூறிக் காட்டப்படுகின்றது. பெற்ற நன்றியை மறந்தோர்க்கே அவ்விடம் கொடியது என்பது அப்பெயரின் விளக்கம்.

இங்கு ஓர் இடைச்சிறுவன் தந்தையின் ஆடுகளை மேய்த்துக்கொண்டு பாடுகின்றான். ஆடை எளியது, முகம் பொலிவுடையது. கீழே இருப்பவனுக்கு விழும் அச்சம் இல்லை என்னும் கருத்துடையது அவன் பாட்டு. நெஞ்சமைதி என்று பொருள்படும் பெயருடைய மூலிகை ஒன்று அவன் மார்பில் இருப்பதாகப் பெருநெஞ்சன் சொல்கின்றான். நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினா இவ்விடத்தில்தான் கடுமையாகின்றது. வறியவனே, நீ கீழிருப்பதே நன்று, பாடிக்கொண்டிரு என்று செல்வர் தம் நலங்கருதி இப்பாட்டை எடுத்துரைக்கக்கூடும். எடுத்துரைத்தும் உள்ளனர். ஆயின் இதனை எழுதியவர் செல்வர் அல்லர். வாய் திறவேன் என்னும் ஒரு வாக்கால் பன்னிரண்டு ஆண்டுச் சிறையைத் தவிர்த்திருக்கக்கூடியவர், தவிர்க்காதவர். மனிதர் முன் பணிதல் வேறு, கடவுள் முன் தாழ்தல் வேறு என்பதை அவர் வாழ்வே உரையாசிரியராய் நின்று விளக்குகின்றது. சுருங்கிய காலத்து உயர்வு வேண்டும் என்ற வள்ளுவரும், தாழ்மைப் பள்ளத்தைப் பாடிய பன்யனும் பெட்பர்டுச் சிறைவாயிலில் ஒத்துநிற்கின்றனர் என்று நாம் துணிந்து கூறுவோம். இடைச்சிறுவன் எவனுடைய ஆட்டையும் மேய்க்கவில்லை, தந்தையின் ஆட்டையே மேய்க்கின்றான் என்பதும் நோக்கற்பாலது.

காப்பியமாக்கும்போது இப்பொருள் என்ன இடர் விளைக்கும் என்பதையும் இங்குக் கருதலாம். கிருட்டிண பிள்ளை (1827–1900) நெல்லை நாட்டு வைணவ வேளாளர் குடியிற் பிறந்து, தமிழாசிரியராய் விளங்கி, 1858இல் திருமுழுக்குப் பெற்றவர். பன்யனின் முதற்பாகத்தைத் தழுவி அவர் பாடிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் நூலாய் வெளிவந்தது. பெருங்காப்பியத்திற்குத் தன்னேரில்லாத் தலைவன் வேண்டும் என்பது தண்டியலங்காரத்தின் விதி. கால் வழுக்குபவனும், தோழனை முந்திச் சிரித்து விழுபவனும் எங்ஙனம் தன்னேரில்லாத் தலைவன் ஆவான்? அவனை அவ்வாறு உயர்த்திப் பாடின் தாழ்மை என்னும் பொருளே சிதையும். பாடாதொழியின் காப்பிய இலக்கணம் சிதையும். பன்யனில் இல்லாத ஒன்றைக் கிருட்டிண பிள்ளை புகுத்தினார். குமார பருவத்தில் கிறிஸ்துவின் பாடுகளையும் மரணத்தையும் விரித்துப் பாடினார். மூலநூலினின்று விலகல் என்று இதனைக் குறைகூறுவாரும் உளர். நாம் அங்ஙனம் கருதவில்லை. தன்னேரில்லாத் தலைவன் என்னும் இடம் கிறிஸ்துவுக்கு உரியதாகிவிடவே, யாத்திரிகன் தலைமைச் சுமையினின்று விடுபட்டு வெறும் பாவியாய் நடக்க இயலுகின்றது. அந்தத் தலைவனோ ஆடை களையப்பட்டு, அறையுண்டு, வாய்திறவாது நிற்பவன். கம்பனிடம் காப்பியம் கற்றவர் கம்பனின் இராமனுக்குரிய அரியணையில் இத்தகைய ஒருவனை அமர்த்தினார் எனின், அது வடிவத்தில் நிகழ்ந்த பெரும் பணிவு. அவையடக்கச் செய்யுளில் தம்மைப் பூனை என்றும் புல் என்றும் கூறிக்கொள்ளுதல் புலமையுடையார் எவர்க்கும் எளிது. காப்பியத்தின் நடுவிடத்தையே விட்டுக்கொடுத்தல் எளிதன்று.

பன்யன் எல்லா இடத்தும் தம் அளவுகோலுக்கு ஒத்து நடந்தார் என்று கூறுதல் இயலாது. முதற்பாகத்தின் இறுதிப் பகுதியில் அறியாமை என்னும் இளைஞன் வருகின்றான். தன் நல்லொழுக்கத்தை நம்பி நடப்பவன் அவன். வேறு தீங்கு செய்ததாக நாம் காணவில்லை. அவனோடு உரையாடும் கிறிஸ்தியான் கற்பிப்பவனாகவே பேசுகின்றான். கற்பவனாக ஒருபோதும் பேசவில்லை. வீண் நம்பிக்கை என்னும் ஓடக்காரன் ஆற்றைக் கடப்பித்த பின்னர், நகர வாயிலினின்றே அறியாமை நரகத்திற்குக் கொண்டுபோகப்படுகின்றான். சமயக் கோட்பாட்டால் இதற்கு அமைதி கூறலாம். ஆயினும் வாயிலுக்குள் புகுந்தவர் எவரும் அவனுக்காக ஒரு சொல் இரங்கியதாக நூல் கூறாமை நம் நெஞ்சை உறுத்துகின்றது. இக்குறையை ஆசிரியரே உணர்ந்தனர்போலும். இரண்டாம் பாகம் வலியற்றோர்க்கு மிகவும் இடங்கொடுக்கின்றது.

அவ்வலியற்றோருள் ஒருவன் அஞ்சுவோன். அவன் கதையைப் பெருநெஞ்சன் முதியோர் ஒருவரிடம் நினைவுகூர்ந்து சொல்கின்றான். வழியில் ஒரு துரும்பு கிடந்தாலும் இடறுபவன். தான் ஏற்கப்படுவோமோ என்னும் ஐயம் நீங்காதவன். தனக்கும் பிறர்க்கும் சுமையாய் இருந்தவன். அவனைப் பணிவின் இலக்கியமாகக் கொள்ளுதல் தவறு. அச்சம் பணிவாகாது என்பதைப் பெருநெஞ்சனின் பொறுமை கலந்த நகைச்சுவையே காட்டுகின்றது. ஆனால் தாழ்மைப் பள்ளத்தாக்கில் மட்டும் அவன் வழுக்காமல் இறங்கினான். அங்குத் தரையில் படுத்து, மண்ணைத் தழுவி, மலர்களை முத்தமிட்டான்; விடியற்காலையில் எழுந்து அங்கேயே உலாவினான். பள்ளத்தின் பெயரடியாகிய மண்ணைத் தொட்டுத் தழுவியவன் நூல் முழுவதிலும் இவன் ஒருவனே. இறுதியில் ஆற்றைக் கடக்கும் காலம் வந்தது. அப்பொல்லியோனை வென்ற கிறிஸ்தியான் அவ்வாற்றில் மூழ்கத் தொடங்கினான் என்பதையும், தோழன் அவன் தலையை நீருக்குமேல் தாங்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று என்பதையும் முதற்பாகத்திற் கண்டோம். அஞ்சுவோன் வந்த நாளில், தான் அதுவரை கண்டறியாத அளவிற்கு நீர் வற்றியிருந்தது என்கின்றான் பெருநெஞ்சன். பாதம் நனைந்ததற்குச் சற்றே மிகுதியாக நனைந்து அவன் அக்கரை ஏறினான்.